மூச்சுக்கு இயந்திரம், பல்லுக்கு ஈரம்: சூடேறும் குழாயும் முழுமுக மாஸ்க்கும் – ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு மதிப்புரை

தூக்கத்தில் மூச்சுத்தடைக்காக சிபாப் இயந்திரம் வைத்துத் தூங்குகிறவர்களில், காலையில் வாய் காய்ந்து எழுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே நான் மதிப்பிடுவது மூன்றை: இயந்திரத்தோடு பிறகு வாங்கிச் சேர்த்த சூடேறும் குழாய், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க், நாகர்கோவிலில் எனக்குப் பல் பார்த்த மருத்துவரின் சேவை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய்க்கு முழு மதிப்பெண். மாஸ்க்குக்குப் பத்தில் ஏழு. பல் மருத்துவரை யார் கேட்டாலும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இயந்திரத்தை விற்ற கடைக்குப் பத்தில் மூன்றுக்கு மேல் போட என் மனம் ஒப்பவில்லை.

நான் பள்ளித் தமிழாசிரியை. வயது 53. நாள் முழுக்கப் பேசியாக வேண்டிய வேலை. குறட்டை விடுவதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த மூச்சுத்தடை அதிகரிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காலையில் தலைவலியோடு எழுவது, மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காதது, விடைத்தாள் திருத்தும்போதே கண் சொருகுவது – இவற்றையெல்லாம் வயதின் மேல் போட்டுவிடாமல், சோதனை செய்துவரும்படி திருவனந்தபுரத்துக்கு அனுப்பியவர் எங்கள் குடும்ப மருத்துவர். மணிக்கு 34 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அறிக்கை வந்தது. 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30ஐத் தாண்டினால் கடுமையான நிலை.

சிபாப் என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. இயந்திரம் காற்றை மெல்லிய அழுத்தத்தில் தொடர்ந்து செலுத்தி அந்தப் பாதையைத் திறந்தே வைத்திருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் இந்த முறையை வெளியிட்டார்கள். எங்கள் தெருவில், டீச்சருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவி, ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தவர்களும் உண்டு. இது ஆக்சிஜன் அல்ல. அறையில் இருக்கும் அதே காற்றுதான். அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரளவு (இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை வைக்கலாம். எனக்கு 11ஐ ஒட்டி ஓடுகிறது. தலைவலி சில நாட்களிலேயே விட்டது. ஆகவே இயந்திரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாய் காய்கிறதே என்று அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வறட்சி என்றால் தாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. விடியற்காலையில் விழிப்பு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். மெல்லப் பிரித்தால் சுரீரென்று எரியும். உள்கன்னம் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து வைத்த மீன் குழம்பைச் சிறுபிள்ளையிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அதன் காரம் தாங்கவில்லை. முதல் பாடவேளையில் செய்யுள் வாசிக்கும்போது ழகரத்துக்கு நாக்கை வளைத்தால் நாக்கு வளைய மறுத்தது. மாணவிகள் என் மேசையில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு பல் கூச்சம் வந்தது. குளிர்ந்த தண்ணீர், மட்டிப்பழம், கருப்பட்டிக் காப்பி – எது பட்டாலும் கீழ்த் தாடையில் மின்னல் வெட்டும்.

கடை எனக்குத் தந்தது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க், சாதாரணக் குழாய், இயந்திரத்தோடு வரும், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி. தூக்கத்தில் தாடை தளர்ந்து வாய் திறந்துகொண்டால், மூக்கு வழியே உள்ளே வரும் காற்று தொண்டைக்குப் போவதை விட்டுவிட்டு வாய் வழியே வெளியேறும். இரவெல்லாம் ஒரே திசையில் காற்று பாய்ந்தால் வாயில் ஈரம் எங்கே நிற்கும்? அதோடு முடியவில்லை. மூக்கின் உட்சவ்வும் காய்ந்து வீங்கி மூக்கு அடைக்கிறது. மூக்கு அடைத்தால் வாய் இன்னும் திறக்கிறது. வறட்சி இன்னும் கூடுகிறது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பழகிவிடும் மேடம், படுக்கும்முன் நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார்கள். தொட்டியின் ஈர அளவைக் கூட்டலாம், சூடேறும் குழாய் என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது, மாஸ்க் வகையை மாற்றலாம் – இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்துப் பொருள் வாங்குகிறவரிடம் இதைச் சொல்லுவது விற்கிறவரின் கடமை. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

பல் மருத்துவரிடம் வருகிறேன். வடசேரியில் பஸ் இறங்கி நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. மருத்துவர் இளம்பெண். கூச்சத்தைச் சொன்னதும் பின்பற்களைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கீழுதட்டை விரலால் மடக்கிப் பிடித்து, கீழ் முன்பற்களின் அடியில் விளக்கைக் காட்டினார். சிறிது நேரம் பேசவில்லை. கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "டீச்சர், இங்கே பாருங்கள்" என்றார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் வரிசையாகச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு. இரண்டு பற்களில் அந்தக் கோடு பழுப்பேறிச் சிறு குழியாகியிருந்தது.

"கீழ் முன்பல்லில் சொத்தை வருவது அபூர்வம். நாக்குக்கு அடியில் எச்சில் ஊறும் இடம் இது. எப்போதும் நனைந்தே இருக்கும். இங்கேயே சொத்தை என்றால் உங்கள் வாயில் எச்சில் போதவில்லை. இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்களா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

இயந்திரத்தைப் பற்றி நான் அதுவரை வாய் திறக்கவில்லை. பல்லுக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று யாரும் சொன்னதில்லையே. சொன்னதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தும் எச்சில் என்னென்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள். நல்ல ஆசிரியரைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

நமக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறதாம். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. எச்சில் அந்த அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கிறது. அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் மேற்பூச்சில் இழந்ததைத் திரும்ப நிரப்புகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற இடத்தில் எனாமல் கிடையாது. அந்த இடம் 6.2 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஈறு கொஞ்சமாவது இறங்கித்தான் இருக்கும். தூக்கத்தில் எல்லோருக்குமே எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் இயந்திரத்தின் காற்று உலர்த்திவிட்டால் பல்லுக்குக் காவல் யார்? நடுநடுவே எழுந்து தண்ணீர் குடிப்பதால் நாக்கு நனையும். தண்ணீரில் இந்தச் சரக்கு எதுவும் இல்லாததால் பல்லுக்கு அது போதாது.

இரண்டு குழிகளை அடைத்தார். இடது கடைவாயில் ஒரு பல் ஆழமாகப் போயிருந்ததால் வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியதாயிற்று. வெள்ளைக் கோடு விழுந்த இடங்களில் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார். தூரிகையால் தடவுகிறார்கள், சில நிமிட வேலைதான், வலியே இல்லை. வறண்ட வாய் உள்ளவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசிக்கொள்வது நல்லது என்றார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்து அவர் சொன்னது: "அடைத்துவிட்டேன் என்று நிம்மதியாகப் போகாதீர்கள். இரவு வாய் காய்வதை நிறுத்தாவிட்டால் இந்த அடைப்பின் ஓரத்திலேயே மறுபடியும் சொத்தை வரும். மூச்சு மருத்துவரைப் பார்த்து மாஸ்க்கையும் ஈரத்தையும் சரிசெய்துகொண்டு வாருங்கள்." தம் கைவேலையோடு நிறுத்திக்கொள்ளாமல் காரணத்தின் வேர்வரை போனாரே, அதற்காகத்தான் பரிந்துரைக்கிறேன்.

இனி குழாய். சாதாரணக் குழாயில் என்ன சிக்கல் என்றால், தொட்டியிலிருந்து சூடும் ஈரமுமாகக் கிளம்பும் காற்று நீளமான குழாயில் வரும்போது குளிர்ந்துவிடுகிறது. ஈரம் தண்ணீராகிக் குழாயிலேயே தங்கும். ஈர அளவைக் கூட்டினால் நள்ளிரவில் குழாய் களகளவென்று சத்தம் போடும். சமயத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் சொட்டி மூக்கில் ஏறும். அதற்குப் பயந்து அளவைக் குறைத்தால் வாய் காயும். சூடேறும் குழாயின் உட்சுவரில் மெல்லிய மின்கம்பி சுற்றியிருக்கிறது. அது காற்றை மூக்குவரை வெதுவெதுப்பாகவே கொண்டுவருகிறது. எனவே ஈரத்தைத் துணிந்து கூட்டலாம். என் இயந்திரத்தில் ஈர அளவு 1 முதல் 8 வரை, குழாயின் வெப்பம் 16 முதல் 30 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். தானாகவே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊருக்கு நாமே கையால் வைப்பதுதான் சரிப்படுகிறது.

ஊரைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி மலைக்கணவாயின் வாயில் இருக்கிறது. ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து வரும் காற்று முழுவதும் இந்தச் சந்து வழியாகத்தான் புகுந்து போகும். கொஞ்சம் தள்ளி முப்பந்தலில் காற்றாலைகளை அவ்வளவு நெருக்கமாக நட்டிருப்பது இதற்காகத்தான். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்குக் காற்றுதான் மிச்சம். மாடியில் போட்ட துணி சட்டென்று காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், சன்னல் கதவு இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் நான் ஈரத்தை 6லும் குழாயை 27 டிகிரியிலும் வைக்கிறேன். சித்திரை வெக்கையில் 27 டிகிரிக் காற்று முகத்தில் பட்டால் புழுக்கமாக இருக்கும். அப்போது குழாயை 22க்கு இறக்கி, ஈரத்தை 4இல் வைக்கிறேன். ஐப்பசி மழையில் 3 போதும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் என் தங்கை வீட்டில் தங்கினால் 2 வைத்தாலே மூக்கு நிறைய ஈரமாக இருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். எங்கோ இருக்கும் நிறுவனம் இதற்கு ஓர் எண் சொல்ல முடியாது. அவரவர் ஊருக்கு அவரவரே கண்டுகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு படி என்று மாற்றிப் பாருங்கள். காலையில் நாக்கு ஒட்டாமல் இருந்தால் அதுதான் உங்கள் எண்.

குழாயில் இரண்டு குறைகள். சாதாரணக் குழாயைவிட விலை பல மடங்கு. அடுத்தது, உங்கள் இயந்திரத்தின் அதே மாதிரிக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும். மின் இணைப்பு உள்ள முனை ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் இயந்திரத்தின் அடியிலுள்ள மாதிரி எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

மாஸ்க் விஷயம் இவ்வளவு சுமுகம் இல்லை. முழுமுக மாஸ்க் என்று சொன்னாலும் முகம் முழுவதையும் மூடாது. மூக்கும் வாயும் மட்டும் உள்ளே இருக்கும். வாய் திறந்தாலும் காற்று வெளியேற வழியில்லாததால் அழுத்தம் குறையாது, வாய்க்குள் காற்று பாய்ந்தோடுவதும் நிற்கிறது. என் இயந்திரம் காற்றுக் கசிவு எவ்வளவு என்று காலையில் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் கசிந்தால் அதிகம் என்பது அதன் கணக்கு. பழைய மாஸ்க்கில் அந்த வரம்பை அடிக்கடி தாண்டியது. இப்போது பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். நாக்கு ஒட்டுவது நின்றது. இதையெல்லாம் மனதாரச் சொல்கிறேன்.

மூன்று மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் உண்டு. இது பெரியது. ஒருக்களித்துப் படுத்தால் தலையணை தட்டி ஓரம் விலகும். மூக்கின் மேல்மேட்டில் சிவந்த தடம் பதிகிறது. பள்ளிக்குப் போகும்வரை மறைவதில்லை. வேர்வை நாட்களில் சிலிகான் படும் இடத்தில் தடிப்பு வருகிறது. தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முகத்தையும் எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிட்டுப் போட்டால் குறைகிறது. முக்கியமாக, கசியாமல் இருக்கட்டும் என்று பட்டையை இறுக்கிக் கட்டத் தோன்றும். அது வேண்டாம். இறுக்கிய பட்டை மேலுதட்டுக்கு மேல் அழுத்தி, ஆண்டுக்கணக்கில் மேல் முன்பற்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளக்கூடும் என்று பல் மருத்துவர் எச்சரித்தார். என் பல்வரிசையைப் படமெடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். படுத்த நிலையில், இயந்திரம் ஓடும்போது பட்டையைச் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து கட்டினால் படுத்தவுடன் முகத்தின் சதை நகர்ந்து அளவு மாறிவிடும். ஒரு விரல் பட்டைக்கு அடியில் நுழைய வேண்டும்.

அளவு சரியாக அமைவதற்குக் கடைக்காரர் என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. கடையைப் பற்றி அவ்வளவு சொன்னேன் அல்லவா, இதையும் சொல்வதுதான் நியாயம்: வந்த பையன் நல்லவன். மார்த்தாண்டம் பக்கத்து ஊர்க்காரன். மூன்று அளவிலும் மாஸ்க் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் படுக்கவைத்துப் போட்டுப் பார்த்து, என் கன்னம் குறுகலாக இருப்பதால் சிறிய அளவே போதும் என்று முடிவு செய்தான். "டீச்சர், எங்களுக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வரத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்" என்றான். கடைக்குப் போட்ட அந்த மூன்று மதிப்பெண்ணும் இந்தப் பையனுக்காகத்தான்.

தாடைப்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள்; தாடையைத் தூக்கிக் கட்டுவது. தாடை நின்றாலும் உதடு வழியே காற்று கசியத்தான் செய்கிறது. எனக்கு உதவவில்லை, சிலருக்கு உதவலாம். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கும்படி காணொளிகளில் சொல்கிறார்கள். மூக்கடைப்பு உள்ளவர்களும், இரவில் புளித்த ஏப்பமோ வாந்தியோ வரக்கூடியவர்களும் அதைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் தொட்டியின் அடியில் உள்ள உலோகத் தகட்டில் வெள்ளை உப்பு படிந்துவிடும். பேட்டரிக் கடையில் கேனில் கிடைப்பது பேட்டரிக்கானது. மூச்சில் சேர்வதற்கு அதை நம்ப வேண்டாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கழுவி, நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றுவது கூடாது. உப்பு படிந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சிறிது நேரம் ஊறவைத்தால் போய்விடும். காற்றுக் காலத்தில் எங்கள் ஊர்ப் புழுதிக்கு இயந்திரத்தின் பின்புற வடிகட்டி வெகு சீக்கிரம் சாம்பல் நிறமாகிறது. அதையும் பார்த்து மாற்றுங்கள்.

மின்தடை பற்றி ஒரு வார்த்தை. முழுமுக மாஸ்க்கில் வாயும் மூக்கும் மூடியிருக்கும்போது மின்சாரம் போனால் மூச்சு முட்டாதா என்று என் கணவர் பயந்தார். அழுத்தம் நின்றதும் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு மாஸ்க்கிலேயே இருக்கிறது. மின்சாரத்தை அதிகம் இழுப்பது காற்றடிக்கும் மோட்டார் அல்ல, தண்ணீரையும் குழாயையும் சூடாக்கும் பகுதிதான். இன்வெர்ட்டரில் இரவைத் தள்ள வேண்டுமானால் அந்த ஒரு இரவுக்குச் சூட்டை நிறுத்திவிடுங்கள்.

இனிப் பல்லுக்கு நான் கடைப்பிடிப்பது. இரவில் படுக்கும்முன் துலக்குவதுதான் முக்கியம். காலைத் துலக்கலைவிட இது பெரிது. ஃப்ளூரைடு உள்ள பற்பசையாக இருக்க வேண்டும். நம் நாட்டுச் சந்தையில் விற்பனைக்கு வரும் பற்பசைகளில் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரை ஃப்ளூரைடு சேர்க்க அனுமதி. குழலின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் அது கிடையாது. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போடக் கூடாது. என் மாமியார் இன்றும் உமிக்கரியில்தான் பல் துலக்குகிறார். அவருடைய எச்சில் அவரைக் காப்பாற்றுகிறது. வறண்ட வாயில் உமிக்கரி எனாமலைத் தேய்த்துவிடும். தொண்டை காய்கிறது என்று ஒரு துண்டு கருப்பட்டியையோ கல்கண்டையோ வாயில் ஒதுக்கிக்கொண்டு படுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எச்சில் இல்லாத வாயில் இரவு முழுவதும் சர்க்கரை ஊறினால் பல் என்ன ஆகும்! புளிப்பு மிட்டாயும் அப்படியே. பகலில் வாய் காய்ந்தால் சைலிட்டால் சேர்த்த, சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம். மெல்ல மெல்ல எச்சில் ஊறும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் வறட்சியைக் கூட்டும்.

மாத்திரையைப் பற்றி அந்த மருத்துவர் கேட்ட கேள்வியை எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். தும்மலுக்குச் சாப்பிடும் ஒவ்வாமை மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவை வாயை வறளச் செய்யக்கூடியவை. சர்க்கரை நோயும் அப்படியே. நானும் தினம் இரவில் ஒவ்வாமை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் ஈரம் சரியானதும் மூக்கடைப்பு குறைய, மருத்துவரே அதை நிறுத்தினார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பல்செட் போட்டிருப்பவர்களுக்கு: இரவில் செட்டைக் கழற்றினால் உதடும் கன்னமும் உள்வாங்கி முகத்தின் அளவே மாறும். மாஸ்க்கை அந்த நிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். வறண்ட வாயில் செட்டுக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை வருவதும் உண்டு. மாஸ்க்கே வேண்டாம், கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி போதுமா என்று நானும் கேட்டேன். அந்தக் கருவியைப் பிடித்துக்கொள்ளத் திடமான பற்கள் போதிய அளவு வேண்டும், நாளடைவில் கடிமானம் மாறவும் கூடும், லேசான, நடுத்தர நிலைக்குத்தான் பெரும்பாலும் தருகிறார்கள் என்றார் மருத்துவர். என் 34க்கு மாஸ்க்தான்.

இப்போதைய நிலை: மணிக்கு 34 ஆக இருந்தது 3ஐ ஒட்டி நிற்கிறது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்திருக்கிறது. கீழ் முன்பல் வெள்ளைக் கோடுகள் கெட்டிப்பட்டு மினுக்கம் வந்திருக்கின்றன, புதிதாகச் சொத்தை இல்லை என்று போன முறை மருத்துவர் சொன்னார். மீன் குழம்பு மறுபடியும் ருசிக்கிறது. இடது பக்கம் கேப் போட்ட பல்லுக்கு அடுத்த பல்லில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்னும் கொஞ்சம் கூசுகிறது. பொங்கல் கழிந்ததும் மறுபடி வார்னிஷ் பூசப் போக வேண்டும்.